கழற்றி வைத்த வாட்ச்

பூஜை அலமாரியில் கழற்றி வைத்திருந்த வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஹைமவதி அதை எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டாள். ஓட்டம் சீராக இருந்தது. பின்மூடி வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அப்போதுதான் கையிலிருந்து கழற்றியதுபோல.

அது என்றைக்கோ நின்றிருக்க வேண்டும். அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து, வந்த உறவுக்காரர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அப்பா பஞ்சாட்சரம் அண்ணாமலையார் கோயிலில் பூஜை செய்தவர். ஒரு பௌர்ணமியன்று கிரிவலம் போனவர் திரும்பி வரவேயில்லை. பழுதாகிக் கிடந்ததால் வாட்சை அன்று வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார். ஆசிரமம் ஆசிரமமாகத் தேடினார்கள், காசிவரைக்கும் போய்ப் பார்த்தார்கள். காணாமல் போனவருக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, அதன் பிறகு தர்ப்பைப் புல்லால் ஆள் உருவம் செய்து, அதையே உடலாக வைத்துத் தகனம் செய்வது அவர்கள் குடும்பத்து வழக்கம். பன்னிரண்டு முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஆனால் அண்ணன் கிரீஷின் பெண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது, அதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று நின்றான். கிரீஷ் எதற்கும் பொறுக்கிற ஆள் இல்லை, குக்கர் அடங்குவதற்குள் மூடியைப் பிடுங்குகிறவன்.

"இத்தனை வருஷமா வராதவர் இந்த நாலு மாசத்துலயா வந்துடப் போறார்?" என்றான்.

ஹைமவதி முரண்டு பிடித்துப் பார்த்தாள், கடைசியில் சரி என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. அம்மா அபீதகுஜாம்பாள் இத்தனை வருஷமும் தினம் பூ வைத்து, குங்குமம் இட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள். இப்போது வெறும் நெற்றியோடு உள்ளறையில் படுத்திருக்கிறாள்.

வாட்சைச் சரி பண்ணியதே தகனத்துக்காகத்தான். அப்பாவின் கையாகக் கட்டிய புல்லில் அதைக் கட்டி விட வேண்டும், ஓடாத வாட்சோடு அவரை அனுப்பக் கூடாது என்று அவளுக்கு ஓர் ஆசை. தாத்தா கொடுத்தது என்பதைத் தவிர அதைப் பற்றி வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. டயலில் பெயர்கூட அழிந்து போயிருந்தது. தேரடி வீதியில் வாட்ச் கடை வைத்திருக்கும் சக்கரவர்த்தி பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது ஆட்டோமேட்டிக்குங்க. உள்ள அரைவட்டமா ஒரு தகடு இருக்கு பாருங்க, கை ஆடறப்ப அது சுத்தும். அதுலயே சாவி ஏறிக்கும். கழட்டி வெச்சீங்கன்னா ரெண்டு நாள்கூட ஓடாது."

பற்சக்கரங்களுக்கு நடுவே காய்ந்த எண்ணெயோடு திருநீறும் இறுகிப் போயிருந்தது. அவர் எல்லாவற்றையும் பெட்ரோலில் அலசினார். அப்பாவின் கையிலிருந்து உதிர்ந்த திருநீறு அது, அதை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சுடுகாட்டில் அவளேதான் அதைப் புல்லின் மணிக்கட்டில் கட்டினாள். கொள்ளி வைக்கும் முன்னால், "உடம்பு மேல எதுவும் இருக்கக் கூடாது, கழட்டு" என்றான் கிரீஷ். கழற்றும்போது பட்டைக்குக் கீழே புல் சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டு, வாட்சை வீட்டுக்குக் கொண்டு வந்து பூஜை அலமாரியில் வைத்தாள்.

இப்போது அதை யார் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள்? கிரீஷ் வேங்கிக்காலில் தன் வீட்டில் இருந்தான். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைப்பதே பெரிய காரியம்.

அவள் கேட்காமலே அம்மா சொன்னாள். "அவர் தினம் வரார்டி. வாட்சை எடுத்துண்டு போறார், விடியறதுக்குள்ள கொண்டு வந்து வெச்சுடறார். இந்த உள்ளுக்கு வாங்கோன்னேன், வரலை. சாதம் மீந்திருக்கா?"

ஹைமவதிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்பா வந்திருக்கிறார். அடுத்த நொடியே கையிலிருந்த வாட்சைக் கீழே வைத்தாள். அவர் உயிரோடு இருக்கிறார் என்றால், அன்றைக்கு நாங்கள் எரித்தது யாரை?

பௌர்ணமி வந்தது. விளக்கேற்றிவிட்டு அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தாள். தெருவில் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. வெறுங்கால்கள் தார்ச்சாலையில் உரசுகிற ஓசையும், எங்கோ ஒரு குழந்தையின் அழுகையும், சுக்கு காபி விற்கிறவரின் சைக்கிள் மணியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, மெல்ல மெல்ல யாரோ கதவைச் சாத்துவதுபோல அடங்கின. ஊதுபத்தி வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை கிளம்பியது. எரிந்த புல்லின் வாசனை.

வாசலில் சரசரப்பு. காய்ந்த புல்லுக்கட்டை யாரோ இழுத்து வருவதுபோல.

திரும்பக் கூடாது என்று நினைத்தாள். திரும்பவில்லை.

சரசரப்பு அவள் தோளைக் கடந்தது. விளக்கு வெளிச்சத்துக்குள் ஒரு கை வந்தது. கருகிய தர்ப்பை. விரல்களுக்காகப் பிரித்துக் கட்டிய ஐந்து முடிச்சுகள். அது வாட்சை எடுத்தது. மணிக்கட்டில் நுழைத்தது. சாம்பல் உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது.

ஓட வேண்டும்போல இருந்தது. ஆனால் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் அம்மாவின் நெற்றியை இனி ஒரு நாளும் பார்க்க முடியாது.

"அப்பா" என்றாள்.

கை நின்றது.

இரண்டு விரல்களை வாட்சின் பட்டைக்கு அடியில் விட்டாள். புல் நொறுங்கியது. சூடு. இன்னும் உள்ளே விட்டாள்.

"யாருடி ஹைமா?" என்று உள்ளறையிலிருந்து அம்மா கேட்டாள்.

கருகிய புல்லுக்குக் கீழே தோல் இருந்தது. கொப்பளித்து வழன்ற தோல். அதற்கும் கீழே, அவள் விரல் நுனியில், நாடி துடித்துக்கொண்டிருந்தது.