நிறமறியா வாயில்

வேலைக்குப் போக இருபது நிமிடம், வழியில் மறிபட நாற்பது நிமிடம். அதனால் தினமும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே காரை எடுத்துவிடுவேன். கிளம்புமுன் சில சடங்குகள் உண்டு. டிக்கியை வெறுமையாக்கித் துடைப்பேன். லைசன்ஸை டாஷ்போர்டில் எடுத்து வைப்பேன். பாட்டை நிறுத்துவேன். சாலை வாயிலில் சிவப்பு விளக்கு எரிந்ததும் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, நல்ல பிள்ளையாக நேரே பார்த்துக்கொண்டிருப்பேன். முப்பத்தொரு வயதில் பழகியது. அறுபத்திரண்டிலும் கை தானாகப் போகிறது.

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில் எங்களை மறித்தவர்கள் மனிதர்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு கறுத்த முகம் தெரிந்தால் போதும், கார் யாருடையது என்று கேட்பார்கள். என்னுடையது என்றால் சந்தேகம் இன்னும் கூடும். ஊர்வலம், வழக்கு, விசாரணைக் குழு எல்லாம் நடந்து, கடைசியில் பொலிஸ்காரரின் கண்ணை நம்ப வேண்டாம் என்று சட்டம் வந்தது. சாலைகளில் நிறமறியா வாயில்கள் எழுந்தன. முகம், பெயர், தோல் எதுவும் அந்த இயந்திரத்துக்குத் தெரியாது, ஒவ்வொருவரின் அடையாள எண் மட்டும்தான் தெரியும். யாரை மறிப்பது என்று அதுவே தீர்மானிக்கும். திறப்பு விழாவில் எங்கள் தமிழ்ச் சங்கம் லட்டு கொடுத்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான், சங்கத்தின் செயலாளர்.

லட்டுக் கொடுப்பதற்கு முன் இன்னொரு பெரிய வேலையும் பார்த்திருந்தேன். அநியாயத்தை நிரூபிக்கப் புள்ளிவிவரம் கொண்டுவாருங்கள் என்று விசாரணைக் குழு கேட்டிருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி, எங்கள் ஆட்கள் எத்தனை தடவை, எங்கே, எப்போது மறிக்கப்பட்டார்கள் என்று எழுதி வாங்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர். “பயப்படாமல் எழுதுங்கோ, இதுதான் எங்களைக் காப்பாத்தும்” என்று அவர்கள் வீட்டுத் தேநீரைக் குடித்தபடி சொன்னேன். அந்தப் பதிவையும் சேர்த்துத்தான் இயந்திரத்துக்குப் பாடம் நடத்தினார்கள். அது நிறத்தைப் பார்க்கவில்லை. அடிக்கடி மறிக்கப்பட்டவனை மறி என்று கற்றுக்கொண்டது. மறிக்க மறிக்க ஒருவனின் நிறுத்த எண் ஏறும், எண் ஏற ஏற இன்னும் மறிக்கும். அவனோடு பயணம் செய்பவருக்கும் அதில் ஒரு நிழற்பங்கு விழும். ஏழு வருடத்துக்கு அது அழியாது.

அதனால் என் காரில் யாரும் ஏறுவதில்லை. நான் ஏறினால் பஸ்ஸையே மறிக்கும், நாற்பது பேர் என்னை முறைப்பார்கள். செத்தவீட்டுக்கும் தனியாகப் போய்த் தனியாகவே திரும்புவேன். அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் பலர் என்னைக் கண்டால் தெருவைக் கடந்து மறுபக்கம் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மகள் யதுர்ஷாவைப் பள்ளிக்கூடத்துக்குக்கூட அவளுடைய மாமா குலம்தான் கூட்டிப் போனான். அவளுடைய எண் பூச்சியம். என் வாழ்நாளில் நான் உருப்படியாகக் காப்பாற்றியது அந்தப் பூச்சியம் ஒன்றைத்தான்.

தை மாதம் அவளுக்குக் கலியாணம். முகூர்த்தம் பத்து இருபதுக்கு. மனைவியை இழந்தவன் கன்னிகாதானம் செய்யலாமா என்று ஐயர் இழுத்தார். அப்பாதான் என் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கலியாணமே வேண்டாம் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். முதல்நாளே மண்டபத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அவளுடைய அம்மா மல்லிகாவின் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுக் கிளம்ப என்னை விட்டால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? காலை ஆறு மணிக்கே காரை எடுத்தேன். முதல் வாயில் மறித்தது. இரண்டாவதும் மறித்தது. பனிக்குள் ஊர்ந்து மண்டபத் தெருவுக்கு வந்தபோது ஒன்பதே முக்கால். நாதஸ்வரம் காதில் விழுகிறது, மூன்றாவது வாயிலிலும் சிவப்பு.

ஸ்கேனரோடு வந்த பொலிஸ்காரர் எங்கள் பிள்ளை. சட்டையில் டிலக்சன் என்று பெயர் இருந்தது.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள். முழுச் சோதனை எண்டு காட்டுது. நாப்பது நிமிசம் செல்லும்.”

“தம்பி, அந்த மண்டபத்திலதான் என்ர மகளுக்குக் கலியாணம். ஓடிப்போட்டு ஓடி வாறன்.”

“இறங்கினா உங்களைக் கைது செய்யச் சொல்லும். என்ர கையில ஒண்டும் இல்லை அங்கிள்.”

காரைச் சுற்றிப் பனியின் மேல் மஞ்சள் ஒளிக்கோடு ஒன்று விழுந்தது. சோதனை முடியும்வரை அதற்குள் வருபவர்கள் எல்லாரையும் இயந்திரம் என் கூட்டாளிகளாக எழுதிக்கொள்ளும். யதுர்ஷாவை போனில் அழைத்து, குலம் மாமாவை வைத்துச் சடங்கைச் செய்யச் சொன்னேன். டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

ஐந்து நிமிடத்தில் அவளே வந்தாள். பட்டுச் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்திருந்தாள். தலை நிறையப் பூ, காலில் யாருடையதோ பெரிய சப்பாத்து.

“அக்கா, கோட்டைத் தாண்டாதேங்கோ” என்றான் டிலக்சன்.

“தெரியும். தெரிஞ்சுதான் வாறன்.” என் பக்கம் திரும்பினாள். “அப்பா, ஐயரும் அவரும் வந்துகொண்டிருக்கினம். கண்ணாடியை இறக்குங்கோ. இஞ்ச வைச்சே என்ர கையைப் பிடிச்சு அவரின்ர கையில குடுங்கோ.”

“அவருக்கும் ஏழு வருசம் விழும், பிள்ளை.”

“அவருக்கும் சம்மதம். ஏழு வயசுக்குப் பிறகு உங்கட காரில நான் ஏறினதே இல்லை அப்பா. இண்டைக்காவது பக்கத்தில வாறன்.”

நான் அழுதால் கோட்டைத் தாண்டிவிடுவாள் என்று தெரியும். சப்பாத்து நுனி கோட்டைத் தொடப் போனது. கண்ணாடியை இறக்கிக் கத்தினேன். அவளிடம் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை.

“போ அங்கால! நீயும் வேண்டாம், உன்ர கலியாணமும் வேண்டாம். என்ர மானத்தை வாங்காமல் போ!”

அப்படியே நின்றாள். டிலக்சன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவள் திரும்பி நடந்தாள், ஓடவில்லை.

பத்து இருபதுக்குக் கெட்டிமேளம் கேட்டது. கன்னிகாதானத்தைக் குலம் செய்து முடித்திருந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் டிலக்சன் வந்து, “போகலாம் அங்கிள், ஒண்டும் இல்லை” என்றான். மண்டபத்துக்குப் போனேன். படம் எடுப்பவர் சொன்னதற்காக அவள் என் காலில் விழுந்து எழுந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகும் பேசவில்லை. இது பதினோராவது மாதம். அழைத்தால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார், மரியாதையாகப் பேசுகிறார். போன வாரம் அவரிடம் கேட்டேன், உங்களையோ அவளையோ வழியில் எங்காவது மறித்தார்களா என்று.

“இல்லை மாமா. ஒருக்காலும் மறிக்கேல்லை.”

நல்லது என்று சொல்லி போனை வைத்தேன். பிறகு சமையலறையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.