எட்டு நிமிடப் பள்ளம்

அந்தப் பள்ளத்தை மாதுமை ஏற்கனவே எங்கேயோ பார்த்திருந்தாள்.

மடிக்கணினியில் விரிந்திருந்தது விண்வெளித் தொலைநோக்கி இன்று காலை வரை பதிந்து அனுப்பிய எக்ஸ்-கதிர் வரைகோடு. செத்துச் சுருங்கிய நியூட்ரான் நட்சத்திரம் ஒன்று, தன் துணை நட்சத்திரத்தின் வாயுவை இழுத்துத் தின்கிறது. விழுகிற வாயு கொதித்து எக்ஸ்-கதிராக எரிகிறது. அந்தச் சத்தமில்லாத சாப்பாட்டை வேவு பார்ப்பதுதான் ஆறு வருடமாக அவளுக்குப் பிழைப்பு. அந்த நட்சத்திரத்துக்கு நிமிடத்துக்கு அறுபத்தாறு துடிப்பு. வாயுத் திரள் குறுக்கே வரும்போதெல்லாம் வரைகோடு பள்ளத்தில் விழும்.

செமோர் ஊரில் மழைக்கு முந்திய புழுக்கம். பழைய எஸ்டேட்டை அழித்துக் கட்டிய வீடுகளுக்குப் பின்னால், யாரோ வெட்ட மறந்த ரப்பர் மரங்களில் காய்கள் படீரென்று வெடித்து, கொட்டைகள் தகரக் கூரையில் உருண்டன. உள்ளறையில் அவள் கணவன் இளங்கீரன் படுத்திருந்தான். இதய அறுவை முடிந்து ஒன்பது நாள். அவன் விரலில் மாட்டிய கருவி நாடித் துடிப்பை அவளுடைய கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

அதே பள்ளத்தைக் கைப்பேசியில்தான் பார்த்திருக்கிறாள். கருவி விரலிலிருந்து கழன்றிருக்கும் என்று அலட்சியமாக விட்டுவிட்டாளே! இரண்டு வரைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். நொடி பிசகவில்லை. நேற்றுக் காலைப் பள்ளம் முப்பது நொடி. மாலையில் ஒரு நிமிடம். நடுராத்திரியில் இரண்டு. இன்று காலை நான்கு.

அடுத்தது எட்டு. எட்டு நிமிடம் நின்ற இதயத்தோடு யார் பிழைப்பார்கள்?

இனி வரப்போகும் பள்ளங்களின் நேரப் பட்டியலைத் திறந்தாள். அடுத்தது நாலு இருபது. இப்போது நாலு ஐந்து. மூன்று வீடு தள்ளியிருக்கும் நர்ஸ் புனிதாவை அழைத்தாள்.

“அக்கா, இளாவுக்கு நாலு இருபதுக்கு நெஞ்சு நிக்கப் போவுது.”

“என்னலா பேசுற? பசார்ல இருக்கேன். பத்து நிமிசத்துல வாரேன்.”

பத்து நிமிடம் போதும். ஐந்து நிமிடம் மிச்சமே இருக்கும். ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அறையில் டெட்டால் வாடையும் ஈர மண் வாடையும் கலந்திருந்தன.

“என்ன மாது, மூஞ்சி இப்படி இருக்கு?” இளங்கீரன் சிரித்தான். “நான் நல்லாத்தான் இருக்கேன். தே தண்ணி போட்டுக் குடு, சீனி கொஞ்சம்…”

பேச்சு பாதியில் நின்றது.

கருவி கூவியது. மணியைப் பார்த்தாள். நாலு பன்னிரண்டு.

அப்போதுதான் உறைத்தது. பட்டியலில் இருப்பது, வானியல் வழக்கப்படி, சூரியனிடம் ஒளி வந்துசேரும் நேரம். இந்த மாதத்தில் பூமி அந்த நட்சத்திரத்தின் பக்கமாக நிற்கிறது. ஒளி இங்கே எட்டு நிமிடம் முந்தி வந்துவிடும். அதைக் கழிக்காமல் அவள் ஒரு கணக்கும் போட்டதில்லை. ஆயிரம் முறை கழித்த கை, இன்று பயத்தில் மறந்துவிட்டது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு தையல் போட்ட நெஞ்சை அழுத்தினாள்.

நாலு பதின்மூன்று. பதினான்கு.

புனிதா ஓடிவந்து அவளைத் தள்ளிவிட்டு அழுத்தத் தொடங்கினாள். மாதுமை அவன் கையைப் பற்றிக்கொண்டாள். சில்லிட்ட கை.

பதினெட்டு.

பத்தொன்பது.

நாலு இருபது. கருவி பேசியது. அறுபத்தாறு.

“நாடி வந்துருச்சு மாது!” புனிதா அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்து அழுதாள். பிறகு மூக்கருகே காது வைத்தாள். நெடுநேரம் வைத்தாள்.

“மூச்சு… மூச்சு இல்லலா.”

நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை. கண்கள் மட்டும் திறந்தன. இமைக்கவில்லை.

அவன் விரல்கள் மாதுமையின் கையை இறுக்கின. உதறினாள். வரவில்லை. அவள் நகங்கள் வெளுத்தன. மணிக்கட்டு மரத்தது. பிறகு முழங்கை.

“அக்கா, கைய எடுத்து விடுங்க…”

புனிதா சுவரோடு ஒட்டிக்கொண்டு அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதுமையின் கை வெளுக்க வெளுக்க, அது மெல்ல மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.