சுங்கம் நீங்கிய பாலம்

மேலைமலைத் தொடருக்குப் பின்னால் கதிரவன் மறைந்து, அவன் விட்டுச்சென்ற செம்மை மேகங்களின் விளிம்பில் இன்னும் கனன்றுகொண்டிருக்கையிலேயே கீழ்வானில் முழுநிலா எழுந்துவிட்டது. பால்நிறம் காட்ட வேண்டிய அந்த வெண்மதி அன்று ஏனோ பழுக்கக் காய்ச்சிய செம்பின் நிறம் கொண்டு, கருவாற்றின் புதுவெள்ளத்தில் விழுந்து, சிதறுவதும் சேர்வதுமாகத் தத்தளித்தது. மலையில் பெய்த கார்மழையையெல்லாம் சுமந்து வந்த ஆறு, வேரோடு பெயர்ந்த மரங்களை உருட்டிக்கொண்டு, பாலத்தின் கருங்கல் தூண்களில் மோதி உறுமிற்று. அந்த உறுமலையும் மீறித் தென்கரையில் பறையும் குழலும் முழங்கின. ஏனென்றால் முல்லைக்கோட்டு நாட்டில் அன்று திருநாள். மன்னர் கண்டன்வேள் வழிச்சுங்கத்தை அடியோடு நீக்கிய நாளை மக்கள் ஆண்டுதோறும் விளக்கேற்றிக் கொண்டாடுவது வழக்கமாகியிருந்தது.

கரையெங்கும் ஒளிர்ந்த அந்த விளக்குகளைப் பாலவாசல் மாடத்தின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் மன்னரின் தங்கை வல்லவை. அவள் கண்கள் கீழே பார்த்தாலும், உள்ளமோ ஆற்றைத் தாண்டி வடதிசைக்குப் போய்விட்டிருந்தது. அங்கே, வடகரையின் காட்டுக்கு அப்பால், குன்றின் மேல் நின்ற வடவாயில் கோட்டையில் எல்லைக் காவல் புரிந்துவந்தான் இளம் தளபதி கோவன். கார்காலம் கழிந்ததும் அவனுக்கு அவள் மாலை சூட்டுவதென்று நாள் குறித்திருந்தார்கள். கோட்டைக்குப் புறப்படுமுன் அவன் அவளிடம் வீரவசனம் எதுவும் பேசவில்லை. "மழைக்கு முன்னால் நெல்லை அனுப்பிவிடுங்கள், தேவி. பெருவழியை நம்பியிராதீர்கள்" என்று மட்டுமே சொன்னான். காதலன் விடைபெறும்போது பேசும் பேச்சா இது என்று அன்று அவளுக்குக் கோபங்கூட வந்தது.

அன்பு நிறைந்த வாசகர்களே! நாமும் இப்போது அந்தப் பெருவழியைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நல்லது. வல்லவையின் பாட்டனார் காலத்தில் அந்தப் பாலத்தின் மீது யானைகள் இணையிணையாக நடந்து போகும். கல்தூண்களின் மேல் தேக்கு உத்தரங்களைக் கிடத்தி, அவற்றின் மேல் பலகை பரப்பியிருந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் தச்சர்கள் அடியில் இறங்கி, உளுத்த உத்தரத்தைக் கழற்றிப் புதியதைச் செருகுவார்கள். அதற்கென்றே வணிகரும் உழவரும் பாலவாசலில் சுங்கம் கொடுத்தார்கள். ஆனால், ஐயோ, நாளடைவில் தண்டலாளர்கள் கொழுத்தார்கள். சுங்கத்தில் பாதி அவர்கள் மடியிலும், மீதியில் பெரும்பகுதி அரண்மனைப் பூங்காவின் நீராழி மண்டபத்திலும் போய்ச் சேர்ந்தது. கொடுக்க இயலாதவனின் மாடு அவிழ்க்கப்பட்டது. மாடில்லாதவனின் முதுகில் சாட்டை விழுந்தது.

இந்தக் கொடுமையைக் கண்டு கண்டன்வேள் மனம் நொந்திருந்த வேளையில்தான் தென்னாட்டிலிருந்து வந்து சேர்ந்தார் நம்பிக்கூத்தர். நூல் பல கற்றவர், சற்றே கூன் விழுந்தவர், நாவில் தேன் தடவினாற்போலப் பேசுபவர். விரைவிலேயே அமைச்சருமானார். "சுங்கத்தையே ஒழித்துவிடுங்கள், அரசே! தங்கள் பெயர் தலைமுறை தலைமுறையாக நிற்கும்" என்றார். கருணை மிகுந்த மன்னர் தண்டலாளர்களை நீக்கினார். சுங்கத்தையும் நீக்கினார். கட்டியை அறுக்கச் சொன்னால் கையையே வெட்டிவிட்ட கதைபோல, தச்சர்களுக்குக் கொடுக்கக் கருவூலத்தில் பொருளில்லையென்று அவர்களையும் வீட்டுக்கு அனுப்பினார். மக்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தார்கள். வழியெங்கும் மலர் தூவினார்கள். பெருவழியில் பள்ளம் விழுந்தபோது, "அடுத்த கோடையில் பார்ப்போம்" என்றார் அமைச்சர். அந்த அடுத்த கோடை வரவேயில்லை.

"தேவி! அதோ பாருங்கள்!"

படைநாயகர் மழவரையரின் குரல் கேட்டு வல்லவை திடுக்கிட்டாள். வடதிசைக் குன்றின் உச்சியில் ஒரு தீப்பொறி தோன்றிற்று. பார்த்திருக்கும்போதே அது நாவாகி, நெடிய பிழம்பாகி வானைத் தொட்டது. கோட்டைக் கொத்தளத்தில் மூட்டப்பட்ட ஆபத்துத் தீ அது.

"கடுங்கோட்டு மன்னன் முற்றுகையிட்டுவிட்டான். கோட்டையில் வீரர் கொஞ்சம். நெல்லோ அதைவிடக் கொஞ்சம். நாம் அனுப்பிய வண்டிகள் சேற்றில் புதைந்து கிடந்து, மூட்டைக்குள்ளேயே நெல் முளைத்துப் போயிற்றே! இந்தக் கணமே பாலத்தைக் கடந்தாக வேண்டும், தேவி. மன்னர் நோய்ப் படுக்கையில் இருக்கிறார். தாங்கள்தான் ஆணையிட வேண்டும்" என்றார் மழவரையர்.

வல்லவை விரலில் அணிந்திருந்த தமையனின் முத்திரை மோதிரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "படை அணிவகுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாடத்திலிருந்து இறங்கினாள்.

கொண்டாட்டக் கூட்டம் பிளந்து வழிவிட்டது. பறைகள் ஓய்ந்தன. யானைகளும் வேலேந்திய வீரர்களும் நெல்வண்டிகளும் பாலவாசலில் வந்து நின்றன. கூட்டத்தின் முன்வரிசையில் உப்பு விற்கும் வெள்ளச்சி நின்றிருந்தாள். வல்லவையைக் கண்டதும் கும்பிட்டுவிட்டு வாய்விட்டே பேசினாள்:

"தாயி, யானையை இதுமேல ஏத்தாதீங்க. என் வத்தல் மாடே இதுல போறப்ப பலகை அழுவுது. சுங்கம் போனது நல்லதுதான், இல்லேங்கல. முன்னே ஒரு மாட்டை அந்தப் பாவிங்க அவுத்துக்கிட்டுப் போனானுக. இப்ப பள்ளத்துல கால் முறிஞ்சு இன்னொண்ணு போச்சு. மொத்தத்துல மாடுதான் போகுது!"

சிலர் சிரித்தார்கள். வல்லவை சிரிக்கவில்லை.

அந்நேரம் வெண்பட்டு உத்தரீயம் காற்றில் அசைய நம்பிக்கூத்தர் வந்து சேர்ந்தார். மக்கள் "கூத்தர் வாழ்க! சுங்கம் நீக்கிய வள்ளல் வாழ்க!" என்று ஆர்ப்பரித்தார்கள். அவர் இரு கைகளையும் உயர்த்தி அவர்களை அமர்த்தினார்.

"தேவி, ஏன் இன்னும் தயக்கம்? அங்கே கோவன் ஒவ்வொரு கணத்தையும் எண்ணிக்கொண்டிருப்பான். யானைப்படை முதலில் போகட்டும். அவற்றின் பின்னே படை முழுவதும் நெருக்கமாகத் தொடரட்டும். தங்கள் பாட்டனார் கட்டிய பாலம் தங்களைக் கைவிடுமா?"

கோவனின் பெயரைக் கேட்டதும் வல்லவை ஆணையிட வாய் திறந்தாள். அதற்குள் முதல் யானை பாலத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது. அது ஒரு முன்காலைப் பலகை மீது வைத்தது. துதிக்கையால் தட்டிப் பார்த்தது. பிறகு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பிளிறியது.

"குத்தடா அங்குசத்தால்!" என்றார் கூத்தர்.

"குத்தினாலும் போவாதுங்க, சாமி. அதுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல" என்றான் பாகன்.

"கோழை! யானைக்கு அல்ல, உனக்குத்தான் அச்சம்!"

எப்போதும் தேன் ஒழுகும் அந்தக் குரலில் முதன்முறையாக ஒரு பதற்றம் வெடித்ததை வல்லவை கவனித்தாள். படை முழுவதும் நெருக்கமாக... அந்தச் சொற்கள் அவள் செவியில் மீண்டும் ஒலித்தன. பாலம் தாங்காவிட்டால் படை முழுவதும் ஒரே நேரத்தில் ஆற்றில் அல்லவா விழும்! ஆனால் முகத்தில் புன்னகையை வருவித்துக்கொண்டாள்.

"அமைச்சரே! வீரர்கள் அஞ்சுகிறார்கள். மக்கள் போற்றும் தாங்கள் முன்னால் நடந்து வழிகாட்டினால் அவர்களுடைய அச்சம் தீரும். தங்கள் அடிச்சுவட்டில் நாங்கள் அனைவரும் வருகிறோம்."

நம்பிக்கூத்தரின் புருவம் ஒருமுறை நெறிந்தது. மறுகணமே அவர் தலைவணங்கினார். "தேவியின் சித்தம்" என்று சொல்லிவிட்டு, ஒரு வீரனிடமிருந்து தீவட்டியை வாங்கிக்கொண்டு பாலத்தில் காலடி வைத்தார்.

மக்கள் மெய்சிலிர்த்துப் பார்த்தார்கள். வல்லவையோ அவருடைய பாதங்களை மட்டுமே பார்த்தாள். வண்டிகள் போய்த் தேய்ந்த நடுவழியில் அவர் செல்லவில்லை. இடப்புறக் கைப்பிடியை ஒட்டிச் சில அடிகள் நடந்தார். ஓரிடத்தில் ஒரு பலகையைத் தாண்டிக் கால்வைத்தார். பிறகு சட்டென்று வலப்புறத்துக்கு மாறி, அங்கேயும் ஒரு பலகையை மிதிக்காமல் கடந்தார். ஒருமுறையேனும் குனிந்து பார்க்கவில்லை, காலால் சோதிக்கவுமில்லை. அடியில் எந்த உத்தரம் உளுத்தது, எது உறுதியானது என்று நாள்தோறும் வந்து பார்த்தவனால் அல்லவா அப்படி நடக்க முடியும்! பாலத்தைப் பார்வையிட வாருங்கள் என்று அவள் தமையன் அழைத்தபோதெல்லாம், "என் வேலை ஏடுகளோடு, அரசே" என்று நகைத்த மனிதர் அல்லவா இவர்!

"நில்லும்!" என்று கூவினாள் வல்லவை. ஆற்றின் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு சென்றது அந்தக் குரல். "நாள்தோறும் பாலம் உளுத்ததைப் பார்த்தவர் ஒரு நாளும் அதைச் சொல்லவில்லையே! யார் நீர்?"

பாலத்தின் நடுப்பகுதியைத் தாண்டிவிட்டிருந்த நம்பிக்கூத்தர் திரும்பினார். தீவட்டியின் ஒளியில் அவர் முகம் வேறொருவருடைய முகமாகத் தோன்றிற்று. கூன் நிமிர்ந்தது. குரலில் தேன் வற்றிப்போயிருந்தது.

"கடுங்கோட்டு மன்னரின் தம்பி விடங்கன், தேவி! ஆனால் ஒன்று சொல்வேன். உங்கள் நாட்டில் நான் ஒரு பொய்யும் பேசியதில்லை. சுங்கம் ஏழைகளை வதைக்கிறது என்றேன். அது மெய். தண்டலாளர்கள் திருடர்கள் என்றேன். அதுவும் மெய். உங்கள் தமையன் கருணையுள்ளவன் என்றேன். அதைவிட மெய் வேறில்லை! பாலம் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவுமில்லை. மாற்றுப் பெயர் பூண்டதைத் தவிர எனக்கு வேறு குற்றம் கிடையாது."

"பிடியுங்கள் அவனை!" என்று முழங்கினார் மழவரையர். வீரர்கள் வாளை உருவிக்கொண்டு பாலத்தின் மீது பாய்ந்தார்கள்.

"வேண்டாம்! திரும்புங்கள்!" என்று வல்லவை அலறியது அவர்கள் காதில் விழவில்லை. முதலில் ஒரு பலகை முறிந்தது. பிறகு, ஏதோ பெருவிலங்கு முனகுவதுபோல ஒரு நீண்ட ஓசை எழுந்தது. நடுத்தூண்களின் மேல் கிடந்த உத்தரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, வீரர்களோடும் வாள்களோடும் கருவாற்றில் சரிந்தன. நுரையும் கூக்குரலும் ஒருசேர எழுந்து அடங்கின. கரையிலிருந்தோர் வீசிய கயிறுகளைச் சிலர் பற்றினார்கள். பலர் பற்றவில்லை.

அதற்குள் அக்கரையை எட்டிவிட்டவனுக்காக அங்கே குதிரைகள் ஆயத்தமாக நின்றன. விடங்கன் ஒன்றின் மீது ஏறி அமர்ந்து, தீவட்டியை ஆற்றில் எறிந்தான்.

"என் அண்ணன் கோட்டைகளை யானை கொண்டு இடிப்பவன். நான் உங்கள் கருணையைக் கொண்டே இடித்துவிட்டேன்! நாளை நீங்கள் இந்த மக்களிடம் சுங்கத்தைத் திரும்பக் கேட்பீர்கள். அப்போது அவர்கள் யாரை வாழ்த்துவார்கள், யாரைச் சபிப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள், தேவி!"

குளம்பொலி காட்டுக்குள் தேய்ந்து மறைந்தது.

 தென்கரையில் அழுகைகள் எழுந்தன. மழவரையர் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.  வடக்கே எரிந்த தீயின் அடியில் நிற்கும் ஒருவனுடைய வெயிலில் கறுத்த முகம் வல்லவையின் கண்முன் வந்தது. நெல்லைப் பற்றிப் பேசிய அந்தக் குரலில் எத்தனை அன்பு இருந்தது என்பது இப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. அழுவதற்கு அவளுக்கு நேரமில்லை.

"மரம் வேண்டும்" என்றாள் மக்களை நோக்கி. "தெப்பம் கட்ட மரமும் கயிறும் வேண்டும். இன்றைக்கே வேண்டும். நாளை பாலம் கட்டப் பொருள் வேண்டும். ஆகவே சுங்கம் திரும்ப வரும். அதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு பரவி, முழக்கமாயிற்று. எங்கிருந்தோ ஒரு மண்ணாங்கட்டி பறந்து வந்து அவள் தோளில் விழுந்து உடைந்தது. வாளுக்குக் கை கொண்டுபோன வீரனை அவள் பார்வையாலேயே தடுத்தாள்.

வெள்ளச்சி முன்னால் வந்தாள். "திரும்பவும் அந்தச் சாட்டைக்காரனுகளா, தாயி? அவனுக வயித்துக்கும் உங்க மண்டபத்துக்கும் நாங்க கொடுத்தது போதாதா? சுங்கம்னு கேட்டா ஒரு காசு தர மாட்டேன்!"

"நீ சொல்வது நியாயம்" என்றாள் வல்லவை. "எங்கள் மண்டபம் தின்ற மரம் இல்லாமல்தான் இந்தப் பாலம் விழுந்தது."

வெள்ளச்சி அவளையே உற்றுப் பார்த்தாள். பிறகு கரையோரத்துத் தன் குடிசைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் தலைமேல் வீட்டுக் கதவு இருந்தது. அதைத் தொப்பென்று இளவரசியின் காலடியில் போட்டாள்.

"ஆத்துல போனவனுக எங்க ஊருப் பயலுகளும்தான். இதை எடுத்துக்கிடுங்க. சுங்கத்தை நாளைக்குப் பேசிக்கலாம்."

ஒருவர் பின் ஒருவராக மக்கள் தங்கள் வீடுகளுக்குக் கலைந்தார்கள். கதவுகளும் கட்டில்களும் ஏர்க்கால்களும் வந்து குவிந்தன. வந்தவர் எவரும் வாழ்த்தவில்லை. வல்லவையின் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. வடகரைக் காட்டிலிருந்து பகைவரின் போர்முரசு மெல்லக் கேட்கத் தொடங்கியது. நிலாவை மேகம் மூடியது.

முதல் தெப்பம் கட்டி முடிந்ததும் வல்லவை கழுத்தணிகளைக் கழற்றி மழவரையர் கையில் கொடுத்தாள். முழங்கால் நீரில் இறங்கி, கருவாற்றை இரு கைகளாலும் அள்ளினாள்.

"எல்லோரும் கேளுங்கள்! நீராழி மண்டபத்தின் தேக்கு நாளைக் காலையிலேயே பிரிக்கப்படும். இந்தப் பாலத்தில் யானை நடக்கும் நாள் வரை நான் மணமாலை சூடேன்; அக்கரையில் இருப்பவர் உயிரோடு இருந்தாலும் சூடேன். அதுவரை சுங்கத்தை இந்த வாசலில் உட்கார்ந்து என் கையாலேயே வாங்குவேன். அது உங்கள் கண்ணெதிரே மரமாகவும் கல்லாகவும் மாறும். ஒரு காசு அரண்மனைக்குப் போனால் இந்த ஆறு என்னைக் கொள்ளட்டும். அதுவரை என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொண்டிருப்பேன்!"

நீரைக் கீழே விட்டாள்.  வல்லவை வாளை இடையில் செருகிக்கொண்டு, முன்பின் அறியாத எத்தனையோ வீடுகளின் கதவுகள் மீது ஏறி நின்றாள். ஓடக்காரன் கோலை ஊன்றினான். தெப்பம் இருளுக்குள் நகர்ந்தது.