ஐந்தாவது வரி

நாலு கம்பிக்கு ஐந்து வரி வந்தது.

சூளைக்குள் சூட்டை அளக்கப் பதித்தவை நாலே கம்பிகள். ஜெயஸ்ரீ தன் கையாலேயே எண்ணி மாட்டியவை. பத்து விநாடிக்கு ஒருமுறை அந்த நாலின் சூட்டையும் எடுத்துத் திரைக்கு அனுப்பக் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஒரு கிளாஸ் எழுதி, மூன்று வாரமாய் அதோடு மல்லுக்கட்டி, இன்று பகல் மூன்று மணிக்கு முதலாளி பார்க்க வருகிறார், சரியாக ஓடவில்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார் என்னும்போது, முந்நூறைத் தாண்டி ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்த நாலு வரிக்கும் அடியில் ஐந்தாவதாக ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது.

முப்பத்தேழு.

"காய்ச்சல் இல்லாத ஆளு மாதிரி இருக்குதே" என்றார் கலியமூர்த்தி. இருபது வருஷமாக இந்தச் சூளைக்குத் தீ வைக்கிறவர். கிளாஸ் என்றால் ஸ்கூலில் இருக்கிறதா என்று முதல் நாள் கேட்டவரிடம், அச்சு மாதிரிண்ணே, அச்சு ஒன்று, அதிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் ஊற்றி எடுக்கலாம் என்று சொல்லியிருந்தாள். அதை இப்போது திருப்பிக் கொடுத்தார்.

"ஊத்தாமலே அஞ்சாவது வந்திருக்குது பாரு."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. காலையிலிருந்தே அவருக்கு முகம் சரியில்லை. சூளைக் கதவைச் சாத்தியதும் மூன்று தட்டுத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் 'உள்ள ஆளு உண்டா?' என்று கேட்பது அவர் பழக்கம். மூன்றாவதுக்கும் குரல் வராவிட்டால்தான் பற்றவைப்பார். இன்று கையை ஓங்கும்போதே ஜெயஸ்ரீ தடுத்தாள். ஒன்பது மணி தாண்டினால் மூன்று மணிக்குள் சூடு ஏறாது. "கம்ப்யூட்டர் காட்டுதே, உள்ள யாரும் இல்லண்ணே, ஏத்துங்க" என்றாள். கேட்காமல் ஏற்றுவது இதுதான் முதல் தடவை என்று முனகிக்கொண்டேதான் ஏற்றினார்.

ஒயரை மாற்றினாள். அணைத்துப் போட்டாள். எழுதியதை வரிவரியாக மூன்று தடவை படித்தாள். நாலுவரை எண்ணு, நிறுத்து என்றுதான் இருந்தது. கரண்டு போய், ஃபேன் நின்று, யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்த, கத்திரி வெயிலில் காய்ந்த களிமண் தூசியும் கேஸ் வாடையும் வேர்வையோடு கழுத்தில் அப்பிக்கொள்ள, நாலும் அறுநூறைத் தொட்டன. ஐந்தாவது அசையவில்லை.

காலையில் சாமான் அடுக்கச் சூளைக்குள் போனவர்கள் யார் என்று கடைசியில் கேட்டே விட்டாள். ஆதிலட்சுமியும் தங்கதுரையும் என்றார் கலியமூர்த்தி. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் டீக்கடையில வடைக்குச் சண்ட போட்டுகிட்டு நிக்கிறாங்க" என்றார்.

பிறகென்ன. யாரும் இல்லை. அறுநூறு டிகிரிக்கு நடுவில் ஏது முப்பத்தேழு?

ஒரு மணிக்குப் பொறுமை போய், ஒரே ஒரு வரி சேர்த்தாள். நூறுக்குக் கீழே எது வந்தாலும் காட்டாதே.

ஐந்தாவது மறைந்தது.

"சரி பண்ணிட்டியா, மறைச்சிட்டியா?"

"கண்ணுல படாம இருந்தாப் போதும்ணே."

சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, மிஷினில் தூசி படியும் என்று அறைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனார் கலியமூர்த்தி.

நாலு வரி. பத்து விநாடி. நாலு வரி. ஜெயஸ்ரீ நாற்காலியில் சாய்ந்து, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே டீக்கடைப் பேச்சு எப்போது நின்றதென்று தெரியவில்லை. சூளையின் உறுமல் மட்டும், சுவருக்கு அந்தப் பக்கம், மூச்சு வாங்குவதுபோல.

பத்து விநாடி.

ஐந்து வரி.

நூறு.

அவள் கை மேசையிலேயே நின்றது. நூற்று மூன்று. நூற்று ஒன்பது. அப்படியானால் ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. முப்பத்தேழிலிருந்து. அவள் மறைத்து வைத்திருந்த நேரமெல்லாம்.

சேர்த்த வரியை அழித்தாள். விரல் இரண்டு தடவை தப்பியது. மறுபடி ஓட்டினாள்.

ஐந்தாவது, நூற்றுப் பதினெட்டு.

அதற்குக் கீழே ஆறாவது.

முப்பத்தேழு.

எழுந்தாள். கதவுப் பிடி சுட்டது. உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டி, பிய்ந்து வந்தது. வெளியே காலடிச் சத்தம். வந்து, கதவருகே நின்றது.

தட்டுவார். மூன்று தடவை தட்டுவார். கேட்பார். கத்திவிடலாம்.

தட்டவில்லை.

குரல்தான் வந்தது. பெண் குரல். அவசரமாக, சலிப்பாக. அவள் குரலேதான்.

"கம்ப்யூட்டர் காட்டுதே, உள்ள யாரும் இல்லண்ணே, ஏத்துங்க."

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் திரையில் ஆறாவது வரி மாறியது.

நாற்பத்தொன்று.

பத்து விநாடி.

ஐம்பத்தாறு.