டூரின் தையல்

குடையை மடக்கத் தெரியாத ஆளெல்லாம் எதற்குக் கார் பார்க்க வருகிறார்கள்?

அவள் தன் நோட்டுப் புத்தகத்தின் மேல் குளம் கட்டி நின்ற தண்ணீரைப் பார்த்தாள். பிறகு குடையைப் பார்த்தாள். பிறகு குடைக்காரனை... மழைக்குப் பயந்து ஓடி வந்தவன் ஷெட் வாசலில் நின்று, உள்ளே வேடிக்கை பார்த்துக்கொண்டே குடையை உதறியிருந்தான். பழைய இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி அவள் ஆறு வருடமாக எழுதி வைத்த குறிப்புகள் நீலமாய்க் கரைந்து ஓடிக்கொண்டிருந்தன.

“மன்னிச்சிடுங்க... முக்கியமான நோட்டா?”

“இல்ல, நீச்சல் கத்துக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்.”

அவன் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று நிறுத்தினான். இமையில் இரண்டு மழைத்துளி. பெரிய கண்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பார்ப்பதை முழுதாகப் பார்க்கும் கண்கள்... நமக்கென்ன வந்தது என்று அவள் பக்கங்களை உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

அது பழைய கார்ப் பிரியர்களின் சங்கம். மாதம் ஒரு ஞாயிறு, ஷெட்டின் நடுவில் ஒரு கார் முழுக்கப் போர்த்தப்பட்டு நிற்கும். போர்வையில் மூன்று இடத்தில் மட்டும் சாண் அகலத்துக்கு ஜன்னல் வெட்டியிருப்பார்கள். மூக்குப் பக்கம், முன் கண்ணாடியின் கீழ் மூலை, சீட். ஆளுக்கு ஒரு ஜன்னல், மூன்று நிமிடம், தொடக் கூடாது. எந்த வருடத்துக் கார், உடம்பைக் கட்டியது எந்தப் பட்டறை என்று துண்டுக் காகிதத்தில் எழுதிப் போட வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் சரியாகச் சொன்னவருக்கு, பழைய கார்களுக்குச் சான்று எழுதும் குழுவில் நாற்காலி. இதுவரை எந்தப் பெண்ணும் அதில் உட்கார்ந்ததில்லை.

அவள் இரண்டு மாதம் சரியாகச் சொல்லியிருந்தாள். இது மூன்றாவது.

குழுவின் தலைவர் அவளுடைய அப்பா. சங்கத்தில் அவருக்கு ‘அகராதி’ என்று பெயர். ஆணியைக் காட்டினால் காரைச் சொல்வார். மகள் என்பதற்காக அரை மதிப்பெண் கூடப் போடமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு ரொம்பவே தெரியும்.

அவள் தொழில் கார் சீட் தைப்பது. அதனால் சீட் ஜன்னலுக்குத்தான் போனாள். பழுப்புத் தோல். ஓர் அங்குலத்துக்குப் பதினோரு தையல், மூலையில் மட்டும் திரும்பி வந்து இரட்டைத் தையல்... பார்த்ததும் உள்ளங்கை குறுகுறுத்தது. இத்தாலியின் டூரின் நகரத்தில் ஒரே ஒரு பட்டறை, அதில் ஒரே ஒரு கை இப்படித் தைத்தது. ஐம்பத்தேழு. ஒரு நிமிடத்தில் எழுதி மடித்துவிட்டாள்.

குடைக்காரன் முன் கண்ணாடிப் பக்கத்து ஜன்னலில் மூன்று நிமிடமும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றான். பழைய கார்களுக்கு முன் கண்ணாடி வளைத்துக் கொடுக்கிறவனாம். இன்றுதான் முதல் தடவை வந்திருக்கிறானாம். பக்கத்தில் நின்ற கார்புரேட்டர்க்காரர் சொன்னார்.

அப்பா விடை இருந்த உறையைப் பிரித்தார். உள்ளே இருந்தது ஏழு வருடத்துக்கு முன் அவரே எழுதிய சான்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, டூரின். கைதட்டல் தகரக் கூரையின் மழைச் சத்தத்தை அமுக்கியது. போர்வை விலகியது. சிவப்பாய், தரையோடு தரையாய்ப் பதுங்கி நின்றது கார். அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

“ஒரு சந்தேகம்,” என்றான் குடைக்காரன். “சீட்டு ஐம்பத்தேழுதான். காரு அறுபத்தொண்ணு.”

ஷெட்டே திரும்பியது. அவன் குரலை உயர்த்தவில்லை. ஐம்பத்தேழில் கண்ணாடி இரண்டு விரல் நிமிர்ந்து நிற்கும் என்றான். இதில் படுத்திருக்கிறது. அறுபத்தொன்றுக்கு முன்னால் அந்தப் பட்டறையில் இந்த வளைவு கிடையாது. சீட் வேறு காரிலிருந்து வந்திருக்க வேண்டும். சேசிஸ் எண் பொறித்த தகடு எப்போதோ தொலைந்துபோன கார். அப்பாவின் கண் ஒன்றுதான் அதற்குச் சாட்சி. அந்தக் கண்ணைத்தான் அவன் தப்பு என்கிறான்... அதுவும் சபையில்.

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்வது அது ஒன்றுதான்.

அவள் அவன் எதிரில் போய் நின்றாள். “கண்ணாடிக்காரரே, சீட்டு வேற காருலேர்ந்து வந்ததுன்னா, பொருத்தின இடத்துல அடையாளம் இருக்கும். செவ்வாய்க்கிழமை வாங்க. நானே கழட்டிக் காட்டறேன். இல்லேன்னா எங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேட்கணும்.”

“கேட்கறேன்,” என்றான். “இருந்தா நீங்க என்ன செய்வீங்க?”

“இருக்காது.”

செவ்வாய்க்கிழமை மழை விட்டிருந்தது. ஷெட்டில் அவர்கள் இருவர்தான். அப்பா பக்கத்து அறையில் சங்கக் கடிதங்களோடு இருந்தார். எட்டிப் பார்க்கவில்லை, கதவையும் மூடவில்லை.

ஸ்பேனரை அவன் எடுத்துக் கொடுக்க, போல்ட்டை அவள் கழற்றினாள். மூன்றாவது போல்ட்டில் இருவர் விரலும் இடித்துக்கொண்டன. இருவரும் போல்ட்டிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் அதையே பார்த்தார்கள்... சீட்டைத் தூக்கித் தரையில் கவிழ்த்தார்கள். காரின் தளத்தில் பழைய துளைகளைத் தவிரப் புதுத் துளை ஏதும் இல்லை. அவள் ஜெயித்த முகத்தோடு சீட்டின் அடிமடிப்பைப் பிரித்தாள்.

மடிப்புக்குள், கடைசி நாலு விரல் அளவுக்கு, தையல் நீல நூலில் இருந்தது.

அவன் குனிந்து பார்த்துச் சிரித்தான். “டூரின்காரனுக்கும் நூல் தீர்ந்து போயிருக்கு பாருங்க. போலி செய்யறவன் இப்படி விடமாட்டான், எல்லாத்தையும் ஒழுங்கா முடிச்சிருப்பான். அப்ப இது அசல்தான்... காரோட பொறந்ததுதான். அந்த வளைவு எப்படி வந்துதுன்னு எனக்குப் புரியல. ஆனா தப்பு என்னோடதுதான். ஐயாவைப் பாத்துட்டு வந்துடறேன்.”

அவன் எழுந்துவிட்டான். அவள் எழவில்லை.

அந்த நீல நூலை அவளுக்குத் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன் சித்தப்பாவின் சீட் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு டூரின் சீட்டின் போட்டோவைக் கொண்டு வந்து, இதே மாதிரி ஒரு ஜோடி வேண்டும் என்றார்கள். இருபது நாள் பூதக்கண்ணாடியும் கையுமாய்ப் போட்டோவின் தையலை எண்ணி எண்ணித் தைத்தாள். கடைசியில் நூல் தீர்ந்துபோனது. கடை சாத்தும் நேரம். கைக்குக் கிடைத்த நீலத்தில் முடித்துவிட்டு, யார் கீழே குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று சித்தப்பாவிடம் வாய் பேசி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். சீட் எங்கே போனது என்று அப்புறம் யாருக்குத் தெரியும்? எங்கோ சுற்றி இந்தக் காருக்குள் வந்து உட்கார்ந்து, பழுப்பேறி, முதலில் அப்பாவை ஏமாற்றி... பிறகு அவளையே ஏமாற்றியிருக்கிறது. தன் கையைத் தானே அடையாளம் தெரியாமல், டூரின் என்று எழுதிப் போட்டிருக்கிறாள்.

இது இவனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. மடிப்பை மூடினால் போதும். நாற்காலி அவளுடையது, அப்பாவின் சொல் அப்பாவுடையது. இவன் இதோ மன்னிப்புக் கேட்கப் போய்க்கொண்டிருக்கிறான்...

அவன் வாசலை நெருங்கிவிட்டான்.

“நில்லுங்க,” என்றாள். “அதை டூரின்காரன் தைக்கல. நான் தைச்சேன்.”

பக்கத்து அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா வந்து நின்றார். அவள் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். சித்தப்பா கடை, போட்டோ, நூல் எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் சீட்டின் மடிப்பை அப்பா பார்க்கும்படி விரித்துக் காட்டினாள். அப்பாவின் இத்தனை வருடப் பேருக்கு மகளே குழி பறித்த மாதிரி இருந்தது.

அப்பா மெல்லத் தரையில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைக்கவில்லை. தையலின் மேல் கட்டை விரலை வைத்து நகர்த்தினார். ஒன்று, இரண்டு என்று உதடு அசைந்தது.

“அன்னிக்கும் இதை எண்ணிப் பாத்துத்தான் ஐம்பத்தேழுன்னு எழுதினேன் பாப்பா,” என்றார். “இது கை இல்ல, வரம்னு நெனச்சேன்... என் வீட்லயே இருந்திருக்கு.”

அறைக்குப் போய்ப் பழைய சான்றைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். புதிதாய் எழுதினார். கார், அறுபத்தொன்று, கண்டுபிடித்தவர் இன்னார். சீட், தைத்தது என் மகள். கையெழுத்து எப்போதையும் விடப் பெரிதாய் இருந்தது. எழுதி முடித்து, வழக்கமான குரலில், ஞாயிற்றுக்கிழமைத் தீர்ப்பு செல்லாது, அவள் முதல் மாதத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்றார். அரை மதிப்பெண் கூடப் போடாத மனிதர். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. காரின் சொந்தக்காரரிடம் தானே விஷயத்தைச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு அப்பா வெளியே போனார். தோற்ற மனிதரின் நடையாக அது இல்லை.

குடைக்காரன் இன்னும் போகவில்லை.

“நெஜமாவே தப்புன்னு நெனச்சுத்தான் ஒத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டாள். “இல்ல, எனக்காக விட்டுக்கொடுத்தீங்களா?”

“நெஜமாவே ஏமாந்துட்டேன். விட்டுக்கொடுத்திருந்தா உங்க முகத்துல முழிக்க முடியாதே.” அவன் கொஞ்சம் தயங்கினான். “ஒண்ணு சொல்லலாமா? ஞாயித்துக்கிழமை அந்தத் தையலைப் பாத்துட்டுப் போனதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. இப்படித் தைச்ச ஆளு இந்நேரம் செத்தே போயிருப்பாரேன்னு... யாருன்னே தெரியாத ஒருத்தருக்காக ரெண்டு நாளா மனசு கனத்துக் கெடந்துது.”

“இப்ப?”

“உயிரோட இருக்காங்க. எதிர்ல நின்னு மெரட்டறாங்க.” அவன் குரல் இறங்கியது. “கடைசி வரைக்கும் மெரட்டினாலும் பரவாயில்லன்னு தோணுது.”

கவிழ்ந்து கிடந்த சீட் அவர்களுக்கு நடுவில் இருந்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் எதிரில் நின்றாள். கன்னம் சூடாகத்தான் இருந்தது. இருக்கட்டும்.

“அந்தத் தையல்காரிக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு,” என்றாள்.

சொல்லும்போது அவள் தலை குனியவில்லை. குனிந்தது அவன்தான்.