இடம் குறிப்பிடப்படாதது

அவள் பட்டனைத் தட்டியதும் கூடத்தில் கணவர் இருமினார். அவருக்கு இருமலே கிடையாது. இருந்திருந்தால் கட்டியவளுக்குத் தெரியாமல் போகுமா?

நோய்களுக்குக் குறியீட்டு எண் போடுவதுதான் அவள் பிழைப்பு. மருத்துவர் எழுதியதைப் படித்து, உரிய எண்ணைப் போட்டுக் காப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டுப் பின்னறையில் அவள் கணினியில் திறந்து வைத்திருந்தது கணவரின் பதிவு. சொந்தக்காரர்கள் பதிவைத் தொடக்கூடாது என்பது விதி. ஆனால் காப்பீட்டு அனுமதி வராமல் மருந்து வராது. மருந்தில்லாமல் மனுஷன் துரும்பாக இளைத்துக்கொண்டிருந்தார். விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று இறங்கிவிட்டாள்.

மருத்துவர் ‘சார்காய்டோசிஸ்’ என்று மட்டும் கிறுக்கிவிட்டு விடுமுறையில் போய்விட்டார், மகானுபாவர். உடம்புக்குள் சின்னச் சின்னக் கட்டிகள் முளைக்கும் நோய் அது. எந்த உறுப்பில் என்பதைப் பொறுத்து எண்ணின் வால் மாறும். மருத்துவர் எழுதாததைக் குறியீடு போடுபவர் எழுதவே கூடாது, கேட்டுத்தான் போட வேண்டும். பெரும்பாலும் நுரையீரல்தானே என்று இவளாகவே உறுப்புப் பட்டியலில் நுரையீரலைத் தேர்ந்து பட்டனைத் தட்டினாள்.

இருமல் நிற்கவில்லை. சளி கொழகொழக்க, அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கூடத்துச் சுவர்களில் மோதி, பின்னறை வரை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தாள். சாய்வு நாற்காலியில் அவர் உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் திரும்பி ஓடி வந்து நுரையீரலை எடுத்தாள். காலியாக விட்டால் திரை விடாது. தோல் என்று மாற்றினாள்.

இருமல் வெட்டினாற்போல் நின்றது.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் இன்னொரு சத்தம். நகம் காய்ந்த தோலைப் பிறாண்டும் சத்தம், நிதானமாக, விடாமல்.

“என்னம்மா பண்ற அங்க?” கூடத்திலிருந்து அவர் கேட்டார். “உடம்பெல்லாம் முண்டு முண்டா கெளம்புது.”

அவள் தோலையும் எடுக்கப் போனாள். அவசரத்தில் பட்டியல் நழுவி, கண் என்ற வரி விழுந்துவிட்டது. பிறாண்டல் ஓய்ந்தது.

“லைட்டை ஏன் அணைச்ச?”

கூடத்து விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் வெளிச்சம் அவள் காலடி வரை விழுந்திருந்தது.

எந்த உறுப்பைச் சொன்னாலும் அந்த உறுப்பு போகிறது. சொல்லாமலும் இருக்க முடியாது. பட்டியலின் அடியில் ஒரு வரி இருந்தது. இடம் குறிப்பிடப்படாதது. சோம்பேறிகள் போடும் எண் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அதைப் போட்டு, சாமி எல்லாவற்றையும் கும்பிட்டு, அனுப்பிவிட்டாள்.

ஏற்கப்பட்டது, இனித் திருத்த முடியாது என்றது திரை.

வீடு அடங்கியது. கூடத்துக்குப் போனாள். நாற்காலி காலி. உட்கார்ந்த பள்ளம் இன்னும் சூடாக இருந்தது. வாசல் கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது.

“ஏங்க?”

“இங்கதான் இருக்கேன்.” குளியலறையிலிருந்து வந்தது. போய்த் திறந்தாள். யாருமில்லை.

“இங்கதாம்மா.” அலமாரிக்குள். துணிகள் மட்டும்.

“இங்க.” சுவருக்குள்.

“எங்க இருக்கேன்னே தெரியலம்மா. பயமா இருக்கு.”

வாசலுக்கு ஓடித் தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். சுவரில் குரல் இல்லை. எங்கும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள்.

“இருட்டா இருக்கு. ஈரமா இருக்கு.”

மிக அருகில். காதுக்கு வெளியே அல்ல.

“கதவைத் தெற.”

அவள் நெஞ்சில் கை வைத்தாள். விலா எலும்பில், உள்ளே இருந்து, தட்டினார்.