கீழே ஆள் இருக்கு

லீவரின் உருண்டை சூடாக இருந்தது.

மூன்று வாரமாக யாரும் தொடாத லீவர் அது. மூடியிருந்த தார்ப்பாயை இப்போதுதான் அவள் உருவிப் போட்டாள். மடிப்புகளில் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீர் முழங்காலில் கொட்டி பூட்ஸுக்குள் இறங்கியது. பம்ப் பெட்டி சில்லென்று இருந்தது. எண்ணெய்க் குழாய்கள் செத்த பாம்புகள் மாதிரி சில்லென்று கிடந்தன. லீவரின் உச்சியில் இருந்த அந்தக் கறுப்பு உருண்டை மட்டும், யாரோ இந்த நொடிதான் பிடியை விட்டு எழுந்து போனதுபோல் உள்ளங்கைச் சூட்டில் இருந்தது.

கையை எடுத்துச் சட்டையில் துடைத்தாள். மறுபடி தொட்டுப் பார்த்தாள். சூடுதான்.

"என்னக்கா, ஷாக் அடிக்குதா?" லாரி ஜன்னலிலிருந்து தம்பி தலையை நீட்டினான்.

"ஒண்ணுமில்ல. நீ வண்டியப் பின்னால எடு."

தார்ப்பாயைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனாலும் மேகம் தகரக்கூரை உயரத்துக்கு இறங்கி, கன்டெய்னர் யார்டு முழுக்கச் சாம்பல் பூசியிருந்தது. அலுவலக அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. அந்த ஜன்னலில் சூப்பர்வைசர் கையில் டீ கிளாஸோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் வெளியே வரவில்லை. வரமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

அவள் ஓட்டுகிற இயந்திரத்துக்கு அங்கே நாலுகாலி என்று பெயர். லாரிமேல் இருக்கும் கன்டெய்னர் பெட்டிக்கு மூலைக்கு ஒன்றாக நான்கு இரும்புக் கால்களை மாட்டுவார்கள். லீவரை மேலே தள்ளினால், எண்ணெயின் அழுத்தத்தில் நான்கு கால்களும் ஒன்றாக நீண்டு பெட்டியைத் தூக்கிவிடும். நடுவில் வைத்தால் பெட்டி அந்தரத்தில் நிற்கும். லாரி அடியிலிருந்து நகர்ந்து போய்விடும். பிறகு லீவரைக் கீழே அழுத்தினால் போதும். பம்பை அணைத்திருந்தால்கூட, பாரமே பெட்டியைத் தரைக்குக் கொண்டுவந்துவிடும்.

இறக்குவதற்கு முன் ஓர் ஆள் அடியில் நுழைந்து நான்கு மரக்கட்டைகளைப் போடவேண்டும். இல்லாவிட்டால் பெட்டி சேற்றில் புதைந்துவிடும். பம்ப் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது என்பதால் ஸ்பானரால் தட்டிச் சொல்வார்கள். நுழையும்போது பெட்டியின் அடியில் மூன்று தட்டு: கீழே ஆள் இருக்கு. வெளியே வந்ததும் இரண்டு தட்டு: இறக்கலாம். பன்னிரண்டு வருஷமாக இதே பேச்சுதான். காது கேட்கும், கை செய்யும். இரண்டுக்கும் நடுவே அவளை யாரும் கேட்பதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அடியில் நுழைந்தவர் கட்டை அண்ணன். ஆறடி இரண்டு அங்குல உயரம், ஆனாலும் கட்டை போடுகிறவர் ஆனதால் அந்தப் பெயர். "என்னைப் பார்த்துக் கட்டைன்னு கூப்பிடற ஒரே ஊரு இந்த யார்டுதான் தங்கச்சி" என்று சிரிப்பார். அன்றைக்கும் மூன்று தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தட்டு கேட்டது. அவள் கை லீவரை அழுத்தியது.

அவர் வெளியே வந்திருக்கவில்லை.

கத்தவும் இல்லை. கத்துவதற்கு நேரம் இருந்திருக்காது. மூன்று வாரமாக அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்காரவைத்தது அந்தச் சத்தமில்லாமைதான்.

நேற்று ஒரு காகிதம் வந்தது. 'இறந்தவர் தட்டாமலே பெட்டியின் அடியில் நுழைந்தார்' என்று சுத்தமாக டைப் செய்து, கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள்.

"போட்டுடும்மா" என்றார் சூப்பர்வைசர். "உன் மேலயும் தப்பு வராது, மெஷின் மேலயும் வராது. போனவருக்கு இனிமே என்ன?"

"தட்டினாரு சார். மூணு தட்டினாரு. அப்புறம் ரெண்டு கேட்டுச்சு. ரெண்டையும் எழுதுங்க, போடறேன்."

"உள்ள இருக்கறவரு எப்படிம்மா வெளிய வந்துட்டேன்னு தட்டுவாரு?"

"அவரு தட்டினாருன்னு நான் சொல்லல. கேட்டுச்சுன்னு சொல்றேன்."

அவர் காகிதத்தை மடித்தார். "அப்ப உன் காதுலதான் கோளாறு. சரி, அதே மெஷின், அதே மாதிரிப் பெட்டி. நாளைக்குத் தூக்கி இறக்கிக் காட்டு. இல்லைன்னா காகிதத்துல கையெழுத்து. ரெண்டுல ஒண்ணு."

"காட்டறேன்" என்றாள், யோசிக்காமல். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அவள் லீவர் பிடித்தால் பக்கத்தில் வரமாட்டோம் என்று மற்ற எல்லோரும் சொல்லிவிட்டார்கள். லாரி ஓட்டுகிற தம்பி ஒருவன்தான், "நான் வரேன்க்கா. சின்ன வயசுல மாடிலேர்ந்து குதிடா, பிடிக்கறேன்னு சொன்னவதானே நீ" என்றான்.

"பிடிக்கலையேடா."

"பிடிக்கல. பல்லு போச்சு. இருந்தாலும் வரேன்."

இரண்டு பெண்குழந்தைகளுக்கு அப்பன் அவன். அதனால்தான் காலையிலேயே அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்: இன்றைக்கு யாரும் அடியில் நுழையக்கூடாது, நீளக் கம்பியால் வெளியில் நின்றபடியே கட்டைகளைத் தள்ளவேண்டும். பெட்டிக்கு முட்டுக் கொடுக்க இரும்புத் தூண் வாங்கித் தரச்சொல்லி எட்டு முறை கேட்டுப் பார்த்தவள் அவள். எட்டு முறையும் "வந்துடும்மா" என்ற பதில்தான் வந்தது.

லாரி பின்னால் வந்து நின்றது. இருவருமாக நான்கு கால்களையும் மாட்டினார்கள். அவள் பம்பைப் போட்டாள். முதலில் ஓர் இருமல், பிறகு அந்தப் பழகிய ரீங்காரம், சுட்ட எண்ணெயும் ஈர இரும்பும் கலந்த அந்த வாடை. லீவரை மேலே தள்ளினாள். குழாய்கள் ஒவ்வொன்றாக விறைத்தன, கால்களின் பாதங்கள் சேற்றை நசுக்கிக்கொண்டு இறங்கின, எட்டு டன் பெட்டி கிரீச்சென்று முனகிவிட்டு லாரியின் முதுகிலிருந்து விடுபட்டு, மழையின் சாம்பலுக்குள் அங்குலம் அங்குலமாக ஏறியது. லீவரை நடுவில் வைத்தாள். பெட்டியின் அடியில், லாரி நகர்ந்து போன இடத்தில், ஒரு நீளமான இருட்டு மட்டும் மிச்சமிருந்தது. பகல் வெளிச்சம் நாலா பக்கமும் இருக்கிறதே, அது ஏன் உள்ளே போகவில்லை? அவள் அந்தக் கேள்வியை அப்படியே விழுங்கினாள்.

தம்பி லாரியைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கம்பியோடு வந்தான். முதல் கட்டை போனது. இரண்டாவது போனது. மூன்றாவதும் சரியாகவே போய் உட்கார்ந்தது.

நான்காவது புரண்டு விழுந்தது.

கம்பியால் நெம்பினான். வரவில்லை. மறுபடி நெம்பினான். யாரோ அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி கட்டை அரை அடி வந்து, மறுபடி உள்ளே போனது.

"விட்டுடுடா!" என்று கத்தினாள்.

பம்ப் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. அவன் எல்லாத் தொழிலாளியும் செய்வதைத்தான் செய்தான்: ஒரு நொடி வேலைதானே என்று நினைத்தான். இடுப்பிலிருந்து ஸ்பானரை உருவி, முறைப்படி பெட்டியின் அடியில் தட்டினான்.

டங். டங். டங்.

குனிந்து உள்ளே போய்விட்டான்.

லீவரை இரண்டு கையாலும் பிடித்தாள். உருண்டை இப்போது இன்னும் சூடாக இருந்தது. மழை தகரத்தில் விழுகிற சத்தம், பம்பின் ரீங்காரம், எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். ஐந்து எண்ணினாள். பத்து எண்ணினாள்.

டங். டங்.

தெளிவான இரண்டு. பழகிய இரண்டு.

கை அழுத்திவிட்டது.

பெட்டி ஒரு விரல்கடை இறங்கியது. அதற்குள் அவள் கண் தரையைத் தேடிவிட்டது. அந்த இருட்டின் விளிம்பில் இரண்டு பூட்ஸ் அடிகள் தெரிந்தன. இடது குதிகாலில் நீல ஒட்டு. தம்பியின் பூட்ஸுக்கு அவள் ஒட்டிக்கொடுத்த ஒட்டு.

லீவரை வெடுக்கென்று நடுவுக்கு இழுத்தாள். பெட்டி உதறி நின்றது.

கேட்டது. சத்தியமாகக் கேட்டது. காதில் கோளாறு இல்லை.

டங். டங்.

"மாட்டேன்" என்றாள்.

டங். டங். இம்முறை கொஞ்சம் பலமாக. பொறுமை இழந்த மாதிரி.

"மாட்டேன்னா மாட்டேன்."

அப்போதுதான் லீவர் அவள் கைக்குள்ளேயே கீழ்நோக்கி நகர்ந்தது. வழுக்கவில்லை. யாரோ அழுத்தினார்கள். அவள் விரல்கள் மேலே ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது. பின்னாலிருந்து ஒரு கை. சூடான கை. உருண்டையில் இருந்த அதே சூடு.

"சார், கையை எடுங்க."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அலுவலக ஜன்னலில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். கையில் அதே டீ கிளாஸ்.

தம்பியின் பூட்ஸ் அடிகள் பெட்டிக்குக் கீழே இருந்தன.

கண்ணுக்கெட்டியவரை நான்காவது ஆள் இல்லை.

திரும்பவில்லை. திரும்பினால் பிடி தளரும். பின்னால் நிற்பதற்கு அதுதான் வேண்டும். முதுகில் மூச்சு படவில்லை. மழைகூடப் படவில்லை. பின்னால் ஏதோ நின்று மழையை மறைத்துக்கொண்டிருந்தது.

லீவர் இன்னும் ஒரு நூல் கீழே போனது. பெட்டி முனகியது.

காலை அகட்டி வைத்தாள். பூட்ஸ் சேற்றில் புதைந்தது. தோளைக் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். அலறல் வரும் என்று நினைத்த இடத்தில் கோபம் வந்தது.

"அன்னிக்கும் நீதானே? என் கையாலேயே செய்ய வச்சே. பழி அண்ணன் தலையில விழப் பாத்துச்சு. இன்னொரு தடவை நடக்காது. என் கையை ஒடிச்சுட்டு அழுத்து. ஒடி, பாக்கலாம்."

பாரம் கூடியது. மணிக்கட்டில் ஏதோ நெரிந்தது. அவள் மேலே தள்ளினாள். லீவர் நடுவுக்கு வந்தது. நின்றது. நடுங்கியது.

நீல ஒட்டு அசைந்தது. பூட்ஸ், முழங்கால், சேறு அப்பிய சட்டை. தம்பி தவழ்ந்து வெளியே வந்தான். எழுந்து, சிரித்துக்கொண்டே பெட்டியின் ஓரத்தில் இரண்டு தட்டினான்.

"கட்டை சரியா வச்சாச்சுக்கா! இறக்கு!"

அவள் இறக்கவில்லை.

சூப்பர்வைசர் குடையோடு வந்துவிட்டார். "என்னம்மா, ஆள் வெளிய வந்தாச்சு. பாத்தாச்சு. இறக்கு, வேலை முடியட்டும்."

"பம்பை அணைங்க சார்."

"எதுக்கு?"

"அணைங்க."

அவள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, அணைத்தார். ரீங்காரம் இறங்கி, தேய்ந்து, நின்றது. மழை மட்டும் பெய்தது.

டங்.

டங்.

டங்.

பெட்டிக்குக் கீழேயிருந்து வந்தது. அந்த நீளமான இருட்டின் நடுவிலிருந்து, மெதுவாக, முறைப்படி.

தம்பி தன் கையில் இருந்த ஸ்பானரைப் பார்த்தான். சூப்பர்வைசரின் குடை சாய்ந்து, மழை அவர் தோளில் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"எத்தனை சார்?"

அவர் பெட்டியைவிட்டு ஓரடி பின்னால் வைத்தார்.

"எத்தனை தட்டு கேட்டுச்சுன்னு கேக்கறேன்."

"மூ... மூணு."

"அப்ப எழுதுங்க. தட்டினாருன்னு எழுதுங்க. இன்னும் தட்டிக்கிட்டிருக்காருன்னு எழுதுங்க."

"இறக்கிடும்மா" என்றார் அவர். கெஞ்சுகிற குரல். "உள்ள யாரும் இல்லம்மா. இறக்கிடு."

"கீழே ஆள் இருக்கு சார். இறக்க மாட்டேன்."

தம்பி அவளிடம் ஓடி வந்தவன், நான்கடி தள்ளியே நின்றுவிட்டான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. லீவரைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடுகள் அசைந்தன. ஒன்று, இரண்டு என்று குழந்தை எண்ணுவதுபோல் அசைந்து, அதற்குமேல் போகமுடியாமல் திறந்தபடியே நின்றன.

"எண்ணாதடா" என்றாள் அவள். "போயி ஒரு முட்டுத் தூண் எங்கயாவது கிடைக்குதான்னு பாரு."

அவன் நகரவில்லை. பெட்டிக்குக் கீழேயிருந்து மறுபடி மூன்று தட்டு வந்தது. அவளுடைய இரண்டு கைகளும் லீவரில் வெளுத்துப்போய் இறுகியிருந்தன. அவற்றின் விரல்களுக்கு இடையில் வேறு விரல்கள், நகக்கண்ணில் கறுப்பு எண்ணெயோடு, மழையில் நனையாமல், ஒவ்வொன்றாக மடங்கிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன.